டர்போ வண்டியின் மூச்சுக்குழாய்

அந்தச் சிவப்பு காரை ஆசைப்பட்டு வாங்கியவள் என் மனைவி. டர்போ வைத்த பெட்ரோல் வண்டி. ஓட்டுவது அவள், இடப்பக்கம் உட்கார்ந்து குறை சொல்வது நான். மகளின் பிரசவத்துக்காகக் கனடா போனபோது வண்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவள் இன்னும் வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் எனக்கென்ன பெரிய பயணம்? காய்கறிக்கு ஒரு நடை, பாங்குக்கு ஒரு நடை. போன மழைக்காலத்தில் வண்டிக்குள் எண்ணெய் கருகும் வாடை வந்தது. எஞ்சினின் ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பாலாடை மாதிரி ஏதோ படிந்திருந்தது. வண்டி நின்றுவிடுமோ என்று பயந்தேன். இந்த வண்டி ஓடுகிறவரை அவளுக்கு இங்கே திரும்பி வர ஒரு காரணம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் நம்பினேன்.

திருவானைக்கோவில் மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"பிரீதர், அதான் எஞ்சினோட மூச்சுக்குழாய், அடைச்சிருக்கு சார். பிஸ்டனைத் தாண்டி உள்ள கொஞ்சம் புகை கசியும், டர்போ வண்டியில அது ஜாஸ்தி. இந்தக் குழாய் வழியாத்தான் அது வெளியேறணும். நீங்க எஞ்சின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிடறீங்க. புகையில இருக்கற ஈரம் தண்ணியா கோத்து, ஆயிலோட கலந்து வழியை அடைச்சிடுது. அப்புறம் வெளியேற வழியில்லாத அந்தப் புகை, சீல் வளையத்தைத் தள்ளி ஆயிலைக் கசிய விடுது."

"இப்ப என்ன பண்றது?"

"குழாயையும் வால்வையும் மாத்திடறேன். புகையோட வர்ற ஆயிலைப் பிடிக்க நடுவுல ஒரு டப்பா வெக்கறேன், அப்பப்போ திறந்து கொட்டிடுங்க. வாரம் ஒரு தடவை தூரமா ஓட்டுங்க சார். அம்மா இருந்தப்போ இந்தத் தொல்லையே இல்லையே."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் சமயபுரம் தாண்டிப் பாடாலூர் வரை போய் வந்தேன். புறப்படும்போது பழக்க தோஷத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். எதிரே ஸ்டியரிங் இருக்காது. அசடு வழிய இறங்கிச் சுற்றி வருவேன். பாடாலூரில் காபி மட்டமாக இருக்கும். அவள் இருந்தால் கடைக்காரரை ஒரு பிடி பிடித்திருப்பாள். நான் பேசாமல் குடித்துவிட்டு வருவேன். அவள் பக்கத்தில் இல்லாத சாலை எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆனால் வண்டி தேறியது. டப்பாவில் தேங்குவது வரவரக் குறைந்தது. பளிச்சென்றிருந்த ஆயில் மூடியைப் படம் பிடித்துப் பெருமையாக அவளுக்கு அனுப்பினேன்.

அன்றைக்கே கூப்பிட்டாள். "ஏங்க, நல்லா இருக்கறப்பவே வித்துடுங்களேன். இனிமே அதை யாரு ஓட்டப் போறா?"

வரப்போவதில்லை என்பதை இதைவிட நாசூக்காக அவளால் சொல்லியிருக்க முடியாது.

"வண்டி உன் பேர்ல இருக்கு. நீதான் கையெழுத்துப் போடணும்" என்றேன்.

"பேப்பரை அனுப்புங்க, போட்டு கூரியர்ல அனுப்பிடறேன்."

"அதெல்லாம் செல்லாது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நீயே நேர்ல வந்து நிக்கணும்."

அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கப் போவதுமில்லை.