பேஸ் மட்டும் கேட்கிறது

ஆறு மாதத்துக்கு முன்னால் சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் போயிருந்தேன். போயிருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் மனைவி செல்வராணி இழுத்துக்கொண்டு போனாள் என்பதுதான் நிஜம். அங்கே கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் சோலி. ஹெட்போன் மாட்டிக்கொண்டு சும்மா உட்காரச் சொன்னால் எனக்குக் கசக்குமா என்ன!

முதலில் கனமான சத்தமாக வந்தது. தும்... தும்... நான் டக்டக்கென்று அமுக்கினேன். அடேங்கப்பா, நல்ல பேஸ் என்று தலையைக்கூட ஆட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுபோனது. முடிந்துவிட்டது போல என்று காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மட்டும் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற செல்வராணி கண்கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுதுங்களா?" என்று கையை ஆட்டிக் கேட்டேன். அந்தப் பெண் என் கையிலிருந்த பட்டனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. சத்தம் நிற்கவே இல்லை. அவள் இத்தனை நேரமும் போட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

டாக்டர் நல்ல மனுஷர். கீழ்ச் சத்தமெல்லாம் ஓரளவு இருக்கிறது, மேல் சத்தம்தான் போய்விட்டது, போனது திரும்பாது என்றார். மெஷின் வைத்துப் பார்க்கலாமாம். "பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல், இதெல்லாம்தான் மொதல்ல போகும்" என்றார். எனக்கு ஊரில் இருக்கிற பொம்பளைகள் குரலெல்லாம் எதற்கு? ஒரே ஒரு குரல் இருந்தால் போதும். அது மெஷினில் வருமா என்று டாக்டரிடம் அங்கேயே கேட்டிருப்பேன், செல்வராணி பக்கத்தில் நின்றதால் கேட்கவில்லை.

வெளியே வந்தால் கரண்ட் போயிருந்தது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த டீசல் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஞாபகம் நான் வேலை பார்த்த வண்டியின் கம்ப்ரசருக்குப் போயிருக்க வேண்டும், என் காதைத் தின்றது அதுதானே. போகவில்லை. கச்சேரி மேடைக்குப் பின்னால் போய் நின்றது. அந்த நாளில் கோயில் பண்டிகைக்கு மேடை போட்டால் பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர் கட்டாயம் இருக்கும். டீசல் வாசமும் பாட்டும் எனக்கு ஒட்டிப்பிறந்தவை.

நான் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் வேலை பார்த்தவன். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்துவிட்டு போர் வண்டி ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மழை ஆரம்பித்தால் ஊருக்கு வருவோம், மழை விட்டால் மறுபடியும் வடக்கே. நாளெல்லாம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றால் மனுஷப் பேச்சு எதுவும் கேட்காது, சைகைதான். எனக்கோ அந்த இரைச்சலுக்கு அடியிலும் ஒரு தாளம் கேட்கும். சுத்தியல் கல்லில் இறங்குகிற சத்தத்துக்குப் பேஸ் வாசித்துப் பார்ப்பேன், வாயால்தான். கூட இருந்தவர்கள், "இவனுக்கு என்னமோ புடிச்சிருக்குதுங்க" என்பார்கள்.

பிடித்துத்தான் இருந்தது. பேய்ப் பாட்டு. அந்தக் காலத்துப் படங்களில் ஒரு பேய்ப் பாட்டு இல்லாமல் இருக்காது. பங்களா, வெள்ளைச் சேலை, தானாக ஆடுகிற ஜன்னல் கதவு, நடுக்காட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கி வருகிற ஒரு மடையன். தூரத்திலிருந்து ஒரு பெண் குரல். ஜனங்கள் அந்தக் குரலுக்குத்தான் பயப்படுவார்கள். பயமுறுத்துவது குரல் இல்லை, அதற்கு அடியில் போகிற பேஸ்தான் என்று நான் எல்லாரிடமும் சண்டை போடுவேன். பேஸை எடுத்துவிட்டுப் பாருங்கள், அந்தப் பாட்டு தாலாட்டு மாதிரி ஆகிவிடும். பின்னாலேயே ஒரு ஆள் நடந்து வருகிற மாதிரி அடி எடுத்து வைப்பது அதுதான். எனக்குப் பேஸ் ஒன்று போதும், பாடுகிற ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று வாய் கூசாமல் சொல்லித் திரிந்தேன். நாக்கில் சனி என்பது இதுதான் போலிருக்கிறது.

அந்த வருஷம் உள்ளூர் வேலையாகக் கெங்கவல்லிப் பக்கம் ஒரு குச்சிக்கிழங்குக் காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்து வண்டியை நிறுத்தியதும் காது இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்குள்ளே தும் தும்மென்று ஏதோ வந்தது. காட்டுக்கு அக்கட்ட, அந்தப் பக்கத்து ஊரில் மாரியம்மன் பண்டிகை, கச்சேரி ஆரம்பித்துவிட்டார்கள். உங்களுக்கே தெரியும், தூரத்திலிருந்து கேட்டால் பாட்டு வராது, பேஸ் மட்டும்தான் வரும். சட்டையைக்கூட மாற்றாமல் வரப்பில் ஓடினேன். கிட்டப் போகப் போக டிரம்ஸ் வந்து சேர்ந்தது, அப்புறம் கீபோர்டு, கடைசியாகக் குரல்.

சாமிப் பாட்டுகள் முடிந்ததும் சீட்டு எழுதிக் கொடுத்தேன், பேய்ப் பாட்டு வேண்டும் என்று. மேடையில் விளக்கையெல்லாம் அணைத்தார்கள். டிரம்ஸ்காரர் ஈரக்கையால் தோலைத் தேய்த்துக் கதவு கிறீச்சிடுகிற சத்தம் கொடுத்தார். ஒருத்தர் மைக்கில் வாயை வைத்து ஊதினார், காற்று அடித்தது. அப்புறம் பேஸ். வாசித்தவர் பெயர் குணா. பகலில் ஆத்தூரில் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரியில் வேலை, சாயங்காலமானால் பேஸ் கிட்டார். பாடுகிற பெண் மேடையில் இல்லை. நீள வயர் மைக்கை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய் நின்று பாடினாள். அதுதான் அந்தக் குழுவின் வழக்கம், பேயைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். "ஆ..." என்று அந்தக் குரல் மேலே ஏறினது பாருங்கள், என் பக்கத்தில் நின்ற ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டார். யார் என்றே எனக்குத் தெரியாது.

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு அம்மாள் தலையை விரித்துப்போட்டு ஆட ஆரம்பித்துவிட்டார். ஊரே எழுந்து நின்றது. சாமி வந்திருக்கிறதா, பேய் வந்திருக்கிறதா? பேய்ப் பாட்டுக்கு ஆடினால் எதுவென்று எடுத்துக்கொள்வது? சாமி என்றால் கற்பூரம் காட்ட வேண்டும், பேய் என்றால் வேப்பிலையால் அடிக்க வேண்டும். மாற்றிச் செய்துவிட்டால் வம்பு. பூசாரி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "யாரு வந்திருக்கறது? தாயா, இல்ல வேற எதாச்சுமா? சொல்லிடு!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஆடிக்கொண்டே இருந்தார். குணா என்ன செய்தார் தெரியுமா? வாசிப்பதை நிறுத்தவே இல்லை. அதே தும் தும்மை மெல்ல வேகமாக்கினார், உடுக்கை நடைக்குக் கொண்டுவந்துவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்த குரல் சட்டென்று மாரியம்மன் பாட்டுக்குத் தாவியது. பாடிக்கொண்டே வெளிச்சத்துக்கு வந்தாள், மஞ்சள் சேலை கட்டின ஒல்லியான பெண். அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் ஆடிவிட்டுத் தண்ணீர் கேட்டார். "ஆத்தாதான், ஆத்தாதான்!" என்று பூசாரி வேப்பிலையைக் கீழே போட்டார்.

எல்லாம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். குணாவின் கிட்டாரைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்த அந்தப் பெண் என் பேச்சைக் கேட்டுவிட்டு, எங்கள் ஊர் இழுவையிலேயே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, எல்லாரும் பாடுனவளைத் தேடிக்கிட்டு வருவாங்க. நீங்க கம்பியத் தேடிக்கிட்டு வந்தீங்களாங்க?"

"நீங்களும் நல்லாத்தானுங்க பாடுனீங்க" என்றேன்.

"நீங்களுமாம்! குணாண்ணே, கேட்டியா, நானும் நல்லா பாடுனேனாம்!"

சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பாட்டு மாதிரியே மேலே ஏறும். அதற்கப்புறம் ஆத்தூர் சுற்றுவட்டத்தில் எந்தக் கோயிலில் கச்சேரி என்றாலும் நான் ஆஜர். பேஸ் கேட்கத்தான் போகிறேன் என்று குணாவிடம் சொல்வேன். குணா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கம்பியை முறுக்கப் போய்விடுவார்.

கண்ணாலப் பேச்சு எடுத்தபோது எங்கள் ஊட்டில் ஒரே ரகளை. "பேய்ப் பாட்டுப் பாடறவளா எங்கூட்டுல வெளக்கேத்த வாரது?" என்று அம்மா மூன்று நாள் சோறு தின்னவில்லை. அதே அம்மா அப்புறம் ஒறம்பரை யார் வந்தாலும், "எங்க மருமவ பாடுவாளுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். செல்வராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாடுவாள். அடுப்படியிலும் பாடுவாள். நான் வடக்கே வண்டியில் இருக்கும்போது போன் பூத்தில் வரிசையில் நின்று கூப்பிடுவேன். "பேய் பேசுதுங்க" என்று சொல்லிவிட்டு அந்த "ஆ..."வை எடுப்பாள். பின்னால் நிற்கிற ஆட்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள். சீக்கிரம் முடிக்கச் சொல்லித்தான். நான் கண்டுகொள்ளவே மாட்டேன்.

அந்தக் குரல் எப்போது கரைய ஆரம்பித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டவர் சரியில்லை என்றேன். செல்போன் மட்டம் என்று வேறு வாங்கினேன், அதுவும் மட்டம். ஊருக்கு வந்திருந்தபோது ஒருநாள் குக்கர் கத்திக் கத்திப் பருப்பு தீய்ந்துபோயிற்று. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். மகள் கொலுசு போட்டுக்கொண்டு நடந்ததும் தெரியவில்லை, எதற்குக் கழற்றிவிட்டாய் என்று அவளையே கேட்டேன். அவள் காலைத் தூக்கிக் காட்டினாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

மெஷின் வாங்கி மாட்டிக்கொண்டு வந்த அன்றைக்குச் செல்வராணி கேட்டாள், "பாடட்டா?" பாடு என்றேன். அதே பேய்ப் பாட்டு. என் முகத்தையே பார்த்துக்கொண்டு பாடினாள். தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஏதோ ஒன்று காதுக்குள் வந்தது. அந்த "ஆ..." வருகிற இடத்தில் அவள் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது. தகரச் சத்தமும் இல்லை. சுத்தமாக ஒன்றுமே இல்லை. "நல்லாருக்குது" என்றேன். பாதியிலேயே நிறுத்திவிட்டாள். "உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க" என்றாள். அதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். புறவாசலுக்குப் போய்க் காயாத துணியையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? செத்துப்போனவர்கள் குரலைக் கேட்க முடியவில்லையே என்று உலகத்தில் எல்லாரும் அழுகிறார்கள். என் ஆள் எதிரில் நின்று பாடுகிறாள், எனக்கு அந்த நிலைமை. அட கெரகமே!

இப்போது ஆடிப் பண்டிகைக்குக் கச்சேரியெல்லாம் யாரும் வைப்பதில்லை. லாரி நிறைய ஸ்பீக்கர் பெட்டியை அடுக்கிப் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள். குணாவும் போய்ச்சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் பெட்டிகளில் வருகிற பேஸ் இருக்கிறதே, நெஞ்சாங்கூடு அதிருகிறது, ஒரு துளி குறையாமல் எனக்கு வருகிறது. இத்தனை வருஷம் ஆசைப்பட்டது இதைத்தானே என்று எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது. பெட்டி லாரி வந்தால் நான் இப்போது உள்ளே போய்விடுகிறேன்.

செல்வராணி கொஞ்ச நாளாக வேறு மாதிரி பேசுகிறாள். மெஷினோடு கொஞ்சம் கனத்த குரலாக இருந்தால் எனக்குப் பிடிபடுகிறது என்பதை அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. முதலில் தொண்டையை அமுக்கிக்கொண்டு பேசினாள், இருமல் வந்தது. வெந்நீர் குடித்துக் குடித்துப் பழக்கினாள். இப்போது ஆம்பளைக் குரல் மாதிரி அடியிலிருந்து வருகிறது, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசுகிறாள். எனக்கு எல்லாம் கேட்கிறது. காய்காரரிடமும் அந்தக் குரலில்தான் பேசுகிறாள். மாற்றி மாற்றிப் பேசினால் பழக்கம் விட்டுப்போகும் என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். செல்வராணிதான் எடுத்தாள், எனக்குக் கேட்கட்டும் என்று எப்போதும் போல ஸ்பீக்கரில் வைத்தாள். மகள் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. செல்வராணி "நான்தான்" என்றாள். கொஞ்சம் விட்டு மறுபடியும், "நான்தான் கண்ணு, அம்மாதான்" என்றாள்.

வைத்த பிறகு, "என்ன கேட்டா?" என்றேன்.

"யாருங்க பேசறதுன்னு கேட்டா. சளி புடிச்சிருக்கான்னா. ஆமான்னுட்டேன்."

"அவகிட்டயாச்சும் உன் குரல்ல பேசேன் சாமி. அவளுக்குக் கேக்குமில்ல."

செல்வராணி தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்குக் கொஞ்சம் முதுகைக் காட்டி நின்று, வாயைத் திறந்து பார்த்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் அவள் கை தொண்டைக்குப் போயிற்று. இன்னொரு தரம் திறந்து பார்த்தாள். அப்புறம் திரும்பி, அந்தக் கனத்த குரலில், நிறுத்தி நிறுத்தி, ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வரமாட்டேங்குதுங்க."