எட்டு இதழிலும் ஒரே கை

வட்டம் என்று வந்துவிட்டால் நான் கொஞ்சம் அதிகமாகத்தான் ஆடுவேன். லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். கோடு ஒரு மயிரிழை பிசகினாலும் அழிக்கச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் ‘காம்பஸ் மிஸ்’ என்று சொல்வது காதில் விழும். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

போன வருஷம் பெற்றோர் வரும் கண்காட்சிக்காக வட்டக் கோலங்கள் வரைய வைத்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஓர் உருவத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். அதன் அடியைக் குண்டூசியால் வட்டத்தின் நடுவில் குத்தி, திருப்பித் திருப்பி எட்டு இடத்தில் வரைய வேண்டும். எட்டும் ஒன்றுபோல இருக்கவேண்டும், அவ்வளவுதான் விதி. வீட்டில் இருக்கும் எதை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள் என்றேன். இலை வந்தது, கரண்டி வந்தது, ஸ்கூட்டர் சாவி வந்தது.

அதிகம் பேசாத ஒரு பெண், அப்பாவின் கையை அட்டையில் வைக்கச் சொல்லி, சுற்றி வரைந்து, வெட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, லீவு கிடைப்பதே பெரும்பாடு. இந்தத் தடவை தன் படத்தைப் பார்க்க லீவு சொல்லிவிட்டு வருகிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எனக்கும் அது தெரியும்.

படம் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் எட்டுக் கையிலும் ஆள்காட்டி விரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு மட்டும். கத்தரிக்கோல் போட்ட அவசரத்தில் விரலைத் தவறவிட்டிருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

“கைல எத்தன விரல்னு எண்ணத் தெரியாதா?” என்றேன். வகுப்பு சிரித்தது.

“இல்ல மிஸ், அது அப்படித்தான்.”

அப்படித்தான் என்றால் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதிர்த்துப் பேசுகிறாள் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கருப்பு ஸ்கெட்ச் பேனாவைத் திறந்து, மூடியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, எட்டு விரலையும் நானே வரைந்தேன். முடிக்கிற வரைக்கும் அவள் மூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

கண்காட்சியன்று அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அவள் அவரை மற்றவர்கள் படத்துக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனாள், தன் படத்துப் பக்கம் மட்டும் வரவில்லை. கூச்சம் என்று நினைத்து நானே போய் அழைத்து வந்தேன். நடுச் சுவரில் மாட்டியிருந்தேன், அந்தப் பெருமை எனக்கு.

அவர் சிரித்துக்கொண்டே வலது கையைத் தூக்கி, படத்திலிருந்த ஒரு கையின்மேல் பொருத்தி வைத்தார். அப்போதுதான் நான் அந்தக் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை. அந்த இடத்தில், அவர் கைக்கு வெளியே, நான் வரைந்த விரல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

கையை எடுத்துவிட்டு மகளைப் பார்த்தார். “இது யாரு கைம்மா?”

அவள் தரையைப் பார்த்தாள். நான்தான் சார், சிமெட்ரிக்காக, என்று எதையோ உளறினேன்.

“பரவால்ல மிஸ். ப்ரெஸ் மிஷின்ல போனத நீங்க வெச்சுக் குடுத்துட்டீங்க,” என்றார். என்னைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றத்தான் அதைச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு படத்தைக் கழற்றினேன். சிமெட்ரி என்று நான் சொன்னது பச்சைப் பொய். எட்டும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்பதுதான் விதி, அவள் வரைந்த எட்டும் அச்சு அசலாக ஒன்றுபோலத்தான் இருந்தன. அட்டை இல்லாமல் வெறும் கையால் நான் போட்ட விரல்கள்தான் ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கோணல். வேறு யாராவது அப்படி வரைந்திருந்தால் அழிக்கச் சொல்லியிருப்பேன். ஸ்கெட்ச் பேனா, அழியவும் அழியாது.

அடுத்த வகுப்பில் அவளைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவளும் அப்பாவைப் போலவே “பரவால்ல மிஸ்” என்றாள். புதிதாக ஒன்று வரை, வீட்டிலிருந்து எது வேண்டுமானாலும் கொண்டுவா, நான் தொடமாட்டேன் என்றேன். தலையாட்டினாள்.

மறு வாரம் அவள் எதுவும் கொண்டுவரவில்லை. பலகையில் மாதிரிக்காக நான் போட்டிருந்த எட்டிதழ்ப் பூவைப் பார்த்து, அப்படியே வரைந்து கொண்டுவந்து நீட்டினாள்.

“சரியா இருக்கா மிஸ்?”

ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை.