ஐந்தருவி சுடலைராஜின் வயிறு

என் வீட்டுக்காரர் சுடலைராஜுக்கு ஐந்தருவியில் எண்ணெய் மசாஜ் தொழில். சாரல் விழுந்து அருவிக்குக் கூட்டம் வந்துவிட்டால் மனிதருக்குச் சாப்பிட நேரம் இருக்காது. துண்டைக் கட்டிக்கொண்டு கூச்சப்பட்டு நிற்கிற வெளியூர்க்காரர்களிடம் ஒரே பாட்டுதான்: “உடம்ப எங்கைல குடுத்துட்டுக் கண்ண மூடிக்கிடுங்க சார். இங்கன என்ன வெக்கம்?” பக்கத்தில் துண்டும் சோப்பும் விற்கிற எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

இந்த சீசன் தொடக்கத்தில் அவருக்கு அடிவயிறு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆளா அவர்? “குடலேத்தம்ட்டி. தடவி எறக்குனாச் சரியாயிரும்” என்று, கூட வேலை பார்க்கிற பாண்டியைக் கூப்பிட்டு வயிற்றில் எண்ணெய் போட்டு நீவச் சொன்னார். அப்புறம் அருவியிலும் போய் நின்றார். வலி சட்டென்று விட்டது. “பாத்தியாட்டி?” என்று பெருமை வேறு.

வலி எங்கே விட்டது? உள்ளே குடல்வால் வெடித்திருக்கிறது, கூறுகெட்ட மனுஷருக்கு அது தெரியவில்லை. காய்ச்சலும் குளிரும் வந்தன. உட்கார முடியாமல் ஓயாமல் கக்கூசுக்கு ஓடினார். தென்காசியில் ஸ்கேன் எடுத்தால் இடுப்புக்குழிக்குள் சீழ் கட்டி நிற்கிறது. உடனே திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே டாக்டர் ஷாரோன், சின்ன வயசுப் பெண், படம் வரைந்தே காட்டினார். “வயித்தக் கிழிக்க வேண்டாம்மா. சீழ் மலக்குடல ஒட்டித்தான் இருக்கு. பின்வழியா கேமராக் குழாய் விட்டு, அதுலயே ஸ்கேன் பாத்து, குடல் சுவர்ல சின்ன ஓட்ட போட்டு ஸ்டென்ட் வச்சிருவோம். அந்தக் குட்டிக் குழாய் வழியா சீழ் குடலுக்குள்ள வடிஞ்சு வெளிய போயிரும். வடிஞ்சதும் ஸ்டென்ட்ட எடுத்துரலாம்.” தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்.

இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “அந்த வழியாவா? அதும் பொம்பளப்பிள்ள கையாலயா? வயித்தயே கிழிக்கச் சொல்லுட்டி.”

“கிழிச்சா இந்த சீசன்ல ஒருத்தரையாவது அமுக்க முடியுமா?”

“முடியாட்டாப் போவுது. மானமாவது மிஞ்சும்.”

எனக்கு வந்ததே கோபம்! “ஊர்ப்பட்ட ஆம்பளையெல்லாம் ஒத்தத் துண்டோட உங்க முன்னால குப்புறப் படுக்கான். அவனுக்கு இல்லாத மானமா? அவங்ககிட்ட தெனமும் என்ன சொல்லுதீங்க? அத இப்பச் சொல்லுங்க பாப்போம்!” கத்திக்கொண்டே அழுதுவிட்டேன். இந்த மனுஷரை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அவர் மெல்ல டாக்டர் பக்கம் திரும்பினார்.

“கண்ண மூடிக்கிடுதேன் மேடம்.”

வயிற்றில் ஒரு தையல்கூட இல்லாமல் வெளியே கொண்டுவந்தார்கள். காய்ச்சல் இறங்கியதும் வாய்விட்டு இட்லி கேட்டார். சீழ் வடிந்தபின் ஸ்டென்ட்டையும் எடுத்தாயிற்று. சாரல் முடிவதற்குள் எண்ணெய்க் கிண்ணத்தோடு தன் இடத்துக்கு வந்துவிட்டார்.

நேற்று செங்கோட்டைக்காரர் ஒருவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். “குடலேத்தம் அண்ணாச்சி. கொஞ்சம் தடவி விடுங்க.” பாண்டி எண்ணெயை எடுக்க, இவர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

“வயித்துல கை வைக்காதலே! மொதல்ல ஸ்கேன்.” ஆட்டோவை அவரே கூப்பிட்டார். வந்தவர் தயங்கவும் குரலை உயர்த்தினார்: “எனக்குப் பின்வழியாத்தான் வைத்தியம் பாத்தாங்க. இந்தா, உசுரோட நிக்கேன். இதுல என்ன வெக்கம்?”

துண்டு வாங்க நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.