குப்புசாமி மாஸ்டரின் மூக்கு

கயிலாசநாதர் கோயிலுக்குப் போகும் தெருமுனைக் காபிக் கடையில் இருபத்தாறு வருஷமாகக் குப்புசாமிதான் மாஸ்டர். பட்டுச்சேலை எடுக்க வந்தவர்கள், கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள், ஏனாத்தூர் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் அவர் கைக் காபிக்குத்தான் நின்றார்கள். கை என்று ஊர் சொன்னது. உண்மையில் எல்லாம் மூக்கு. டிக்காஷன் இறங்கும்போதே வாசனையில் பதம் தெரிந்துவிடும்.

ஐப்பசியில் வந்த காய்ச்சல் அந்த மூக்கை வாரிக்கொண்டு போய்விட்டது. ஊதுவத்தி, பெருங்காயம், சாக்கடை எல்லாம் ஒன்றுதான். "தானா வரும்" என்றார் டாக்டர். ஏழு மாதமாகியும் வரவில்லை. முதலாளி சீனிவாசனுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எந்தக் கடை சேர்த்துக்கொள்ளும்? நிறத்தைப் பார்த்தும் நிமிஷத்தை எண்ணியும் ஒப்பேற்றினார். வரதர் கோயில் கருடசேவைக் கூட்டத்தில்கூட மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் யாராவது முகம் சுளித்தால் உடனே வேறு டம்ளர் ஆற்றி நீட்டுவார். பாவம், பாதிப்பேர் வெயிலுக்குச் சுளித்தவர்கள்.

ஒருநாள் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் கயிலாசநாதரிடமே போனார். கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய வழி; தவழ்ந்து நுழைந்து வெளியே வந்தால் புதுப்பிறவி என்பார்கள். மூட்டுவலிக்காரர் பாதியில் சிக்கிக்கொண்டார். இருட்டில் கல்லில் கன்னத்தை வைத்து அழுதே விட்டார்.

"புதுசா பொறக்கறதெல்லாம் வேணாம் சாமி. பழைய மூக்கக் குடு, போதும்."

முழங்கை சிராய்க்க வெளியே வந்து, குருக்கள் நீட்டிய கற்பூரத்தட்டின் மேல் குனிந்தார். சூடு தெரிந்தது. வாசனை வரவில்லை.

கடைக்குத் திரும்பிப் பாலை அடுப்பில் ஏற்றினார். நினைப்பெல்லாம் வேறெங்கோ இருந்தது. ஐந்து டம்ளர் ஆற்றிக் கொடுத்த பிறகு கல்லாவிலிருந்து சீனிவாசன் எழுந்து வந்தார்.

"மாஸ்டர், பாலு தீஞ்சி தெருவே நாறுது. நீங்க ஆத்திக்கினு நிக்கிறீங்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது?

"எனக்கு வாசனையே தெரியல சார். ஏழு மாசமா."

"அப்போ இத்தினி நாளா எத வச்சிப் போட்டீங்க?"

"ஞாபகத்த வச்சி."

சீனிவாசன் கத்தவில்லை. கத்தியிருந்தால் குப்புசாமி தாங்கியிருப்பார். அடுப்பை அணைத்துவிட்டு, "இனிமே டோக்கன் குடுங்க மாஸ்டர். சேர் போட்டுத் தரேன். சம்பளம் அதேதான்" என்றார்.

வேலை போகவில்லை. ஏழு மாதம் பயந்தது அதற்குத்தானே? ஆனாலும் அடுப்பை விட்டு நகராமல் நின்றார்.

அப்போது கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து, "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒன்னு" என்றாள். அவர் கை தானாக ஃபில்டர் பக்கம் போயிற்று. சீனிவாசன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.