பெரியக்கா அடிக்கத் தயங்கிய மணி

எங்கள் பிரசவ அறையின் மூத்த நர்ஸைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாய்த்துடுக்குக்குப் பேர் போனவர். டாக்டர்கள்கூட அவரிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழிப்பார்கள்.

சுவரில் ஒரு சிவப்பு மணி உண்டு. பிரசவம் சிக்கலானால் அதை அழுத்த வேண்டும். எல்லோரும் ஓடி வருவோம். வந்து பார்த்தால் சில சமயம் குழந்தை தானாகவே பிறந்திருக்கும். அப்படி அவசரப்பட்டு அழுத்தியவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இந்த வழக்கத்தைத் தொடங்கியதே பெரியக்காதான். ‘பயந்தாங்கொள்ளி டீ’ என்று பேரும் வைத்தார். நாங்களும் இளித்துக்கொண்டு குடித்தோம். அவர் மட்டும் ஒரு நாளும் வாங்கித் தந்ததில்லை. அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அன்று பெரியக்கா பார்த்த பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வந்ததும் தோள் உள்ளே மாட்டிக்கொண்டது. அபூர்வமாகத்தான் இப்படி ஆகும். ஆனால் நிமிடங்களில் உயிர் போய்விடும். தாயின் தொடைகளை வயிற்றை நோக்கி மடக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். அடிவயிற்றில் அழுத்த இன்னொருவர் வேண்டும். எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கூட இருந்த ஆயா மணியைக் கைகாட்டினாள். பெரியக்கா கண்டுகொள்ளாமல் தலையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார். அப்புறம்தான் மணியை அடித்தார். இதெல்லாம் ஆயா பிறகு எங்களிடம் சொன்னது.

நாங்கள் ஓடிப்போய்த் தொடைகளை மடக்கினோம், ஒருத்தி அழுத்தினாள். குழந்தை வந்து அழுதது. வலது கை மட்டும் அசையாமல் தொங்கியது.

"எல்லாம் சரியா செஞ்சாலும் இப்படி ஆகுறதுண்டு. பெரும்பாலும் சரியாயிடும்" என்றார் டாக்டர்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பெரியக்கா தப்பியிருக்கலாம். ஆயாவோ நாங்களோ வாயைத் திறந்திருக்க மாட்டோம்.

மறுநாள் அந்தத் தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லைன்னா என் புள்ள இல்லக்கா."

பெரியக்கா கூனிக்குறுகிப் போனார்.

"அப்படிச் சொல்லாதம்மா. உடனே மணி அடிச்சு ஆளைக் கூப்பிட்டிருக்கணும். நானே இழுத்துப் பார்த்தேன். அதுல கழுத்து நரம்பு இழுபட்டுத்தான் கை இப்படி ஆயிருக்கும்."

"ஏன்க்கா கூப்பிடல?"

"கிண்டல் பண்ணுவாங்கன்னு."

அவள் பிடித்திருந்த கையை விட்டாள். குழந்தையின் வலது கையைத் துணிக்குள் எடுத்து வைத்தாள். "யாரு கிண்டல் பண்ணுவாங்க?"

"நான்தான்மா" என்றார் பெரியக்கா.

எங்கள் யாரையும் அவர் சொல்லவில்லை. மருந்துத் தட்டோடு கதவருகே நின்ற எனக்கு உள்ளே போக முகமில்லை.