மகளை மீட்கப் போன ஃபைல்

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று நாற்பதுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது.

நேரம் எப்படி இவ்வளவு திருத்தமாகத் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டு ஆன்சரிங் மெஷின் சொன்னது. அதற்குப் பிறகு அது என் மகளின் குரலில் சொன்னது இது:

"அம்மா, நான் இண்டைக்கு லேட். வி ஃபவுண்ட் எ பாடி. பொலிஸ் வந்து நிக்குது, ஐ கான்ட் லீவ். எனக்குச் சோறு வைக்க வேண்டாம், ஓகே? பாய்!"

பிணம், பொலிஸ், வர ஏலாது... கடைசியில் சோறு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிற பிள்ளையை நான்தான் பெற்றேனா?

தாரிணியைப் பற்றி இந்தப் பக்கத்தில் இதுவரை கொஞ்சம் மூடி மறைத்துத்தான் எழுதி வந்திருக்கிறேன். "கன்சல்டிங் கம்பனியில் வேலை" என்று. பொய் இல்லை. யாராவது "கம்ப்யூட்டரோ?" என்று கேட்டால் நான் மறுப்பதில்லை – அவ்வளவுதான்.

உண்மையில் அவள் ஒரு தொல்லியலாளர். இங்கே கனடாவில், மார்க்கம் என்ற ஊரில் ஒரு சோளக்காட்டை வீடுகளாக்குவதற்கு முன், அந்த மண்ணுக்குள் முந்தைய மனிதர் விட்டுப்போனது ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். ஐந்து மீற்றருக்கு ஒரு கிடங்கு வெட்டுவாள். மண்ணைச் சல்லடையில் அரிப்பாள். கிடங்கை மூடுவாள். ஒன்றும் கிடைக்காவிட்டால் வீடு கட்டுகிறவர்களுக்குப் பெரிய சந்தோஷம். தேடுவதற்குச் சம்பளம், கண்டுபிடித்தால் முகச்சுளிப்பு – இப்படியும் ஒரு உத்தியோகம்!

"தோட்டம் கொத்த வேண்டாம் எண்டுதானே யூனிவர்சிட்டிக்கு விட்டனாங்கள்?" என்பார் என் கணவர், வாசலில் கிடக்கும் அவளுடைய சேற்றுச் சப்பாத்தைப் பார்த்து. "தோட்டத்தைக் கொத்தினாலாவது வெங்காயம் வரும்."

அவளுடைய ஒஃபிசுக்குப் போன் அடித்தேன். அங்கேயும் ஒரு மெஷின்.

நாலு மணிக்குக் கணவர் வேலையால் வந்தார். மெசேஜைப் போட்டுக் காட்டினேன். இரண்டாம் முறை போடச் சொன்னார். பிறகு கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து ஃபைலை எடுத்தார்.

எந்த ஃபைல் என்று உங்களுக்கு விளக்கவா வேண்டும்? உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, இங்கே குடியேற விட்ட லாண்டட் பேப்பர், சிற்றிசன்ஷிப் கார்ட்டின் போட்டோக் கொப்பி. பொலிஸ் என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் கை தானாக அங்கேதான் போகும்.

காரில் போகும்போது ஃபைலைத் திறந்து பார்த்தேன்.

"ஏனப்பா, எட்டாம் வகுப்பு நீச்சல் சேர்ட்டிபிக்கற்றும் கிடக்குது?"

"கிடக்கட்டும். நல்ல பிள்ளை எண்டு தெரியும்தானே."

இடத்தைத் தேடி அலையவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் போட்ட நிபந்தனை: எந்த ரோட்டில் கிடங்கு வெட்டுகிறாய் என்று தினமும் ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டிவிட்டுப் போக வேண்டும். பார்த்தீர்களா, என் விசர்ப் பயம் ஒருநாள் உதவியது!

சோளம் வெட்டிய வயல். நடுவில் ஒரு பெரிய மண் வெட்டும் மெஷின், அசையாமல். வீடு கட்டும் கம்பனி ஆள் ஒருவர் செல்போனில் கத்திக்கொண்டிருந்தார். பொலிஸ் காரில் சாய்ந்தபடி ஓர் இளம் பொலிஸ்காரர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

கணவர் இரண்டு கையாலும் ஃபைலை நீட்டினார். "சேர், மை டோட்டர். கனேடியன் சிற்றிசன்."

அந்தப் பொலிஸ்காரப் பிள்ளை பாவம், கோப்பியைக் கார் மேல் வைத்துவிட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டியது. கடைசித் தாளில் கொஞ்ச நேரம் நின்றது. "நன்றாக நீந்துவா போல" என்றது ஆங்கிலத்தில்.

"அப்பா! ஓ மை கோட்!" தாரிணி ஓடி வந்தாள். முழங்கால் வரை சேறு. ஆனால், முழுசாக இருந்தாள். "வட் ஆர் யூ டூயிங் ஹியர்?"

"பிணம் எண்டனி, பொலிஸ் எண்டனி!" என்றேன்.

"அம்மா, அது பல நூறு வருஷம் பழசு! மனுச எலும்பு கண்டால் முதல் பொலிசுக்குத்தான் சொல்ல வேணும். டொக்டர் வந்து பார்த்து, பழசு எண்டு சொல்லிட்டுப் போயிட்டார்."

மெஷின் மேல்மண்ணை வழிக்க, இவள் பின்னால் நடந்து பார்த்திருக்கிறாள். மண்டையோட்டின் விளிம்பு தெரிந்ததும் கையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். அந்தச் செல்போன்காரர் பேசாமல் தாண்டிப் போகச் சொன்னாராம். இவள் அசையவில்லையாம்.

"சரி, டொக்டரும் போயிட்டார். வா வீட்டை."

"ஏலாது அம்மா. வெள்ளைக்காரர் வரமுதல் இந்த மண்ணின்ர சொந்தக்காரரா இருந்த பூர்வீகச் சனத்தில ஒருத்தர் வாறார். அதுவரைக்கும் ஆராவது பக்கத்தில நிக்க வேணும். தனிய விட்டுட்டு வரமாட்டன்."

அவளுக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் ஒன்று, நாலு மூலையிலும் கல் வைத்து. ஓர் ஆள் நீளம்.

அதைப் பார்க்க எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. ஆமி பிடித்துப்போன பிள்ளையின் ஃபைலோடு முகாம் வாசலில் நின்ற தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி என் சின்னம்மா. வாங்கிப் பார்க்கக்கூட அங்கே ஒருவர் இருக்கவில்லை. அவவின் ஃபைல் இன்னும் அவவிடம்தான் இருக்கிறது.

நாங்களும் நின்றோம். கணவர் ஒரு கல்லை இன்னும் கொஞ்சம் இறுக்கி வைத்தார்.

ஆறு மணிபோல ஒரு பழைய வான் வந்தது. தொப்பி போட்ட, எங்கள் வயதுக்காரர் ஒருவர் இறங்கினார். இரண்டு மணி நேரம் வான் ஓட்டி வந்தாராம். நேரே போய்த் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். நெடுநேரம் சொன்னார்.

எழும்பி வந்தவர் எங்களைக் காட்டி, யார் இவர்கள் என்று கேட்டார்.

"என் அம்மா அப்பா. என்ர பேப்பரெல்லாம் தூக்கிக்கொண்டு என்னைக் கூட்டிப்போக வந்தவை" என்றாள் தாரிணி, வெட்கத்தோடு.

அவர் கணவரின் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார்.

"நல்லது. நானும் எங்கள் ஆளுக்காகத்தான் வந்திருக்கிறேன்" என்றார். "என்னிடம் பேப்பர்தான் ஒன்றும் இல்லை."