பட்டியலில் தமிழ் சேர்ந்த வாரம்

அண்ணனின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். படுக்கை காலியானதும் தகவல் சொல்கிறோம் என்றார்கள். எப்போது என்று தெரியாது.

அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய குரல். அண்ணி மீன் விற்கிறவர். நான் பத்தாவதோடு நின்றுவிட்டு, நாற்பதைத் தாண்டிய வயதில் ராயபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் வராத நேரங்களில், இணையத்தில் கிடைத்த பாடங்களை அச்செடுத்து வைத்துக்கொண்டு புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். மனிதர்களிடம் பேசுவதைவிட அது எனக்கு லேசாக இருந்தது.

அண்ணன் குரலில் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பதிந்துவிட்டால், பிறகு கீபோர்டில் அடிப்பதைக் கம்ப்யூட்டர் அவர் குரலிலேயே சொல்லும். இதுதான் என் திட்டம். முதலில் என் குரலில் சோதித்தேன். ‘அம்மா’ என்று அடித்தால், ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டு ஆளுக்கோர் எழுத்தைச் சொல்வதுபோல் கேட்டது. ஒலிகளை ஒட்டவைக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யாராவது வேண்டும், அதுவும் ஆபரேஷனுக்கு முன்னால்.

யார் வேண்டுமானாலும் தாங்கள் எழுதிய புரோகிராமை இலவசமாக வைக்கும் பொதுப் பட்டியல் ஒன்று இணையத்தில் இருந்தது. என்னுடையதையும் ஏற்றினேன். எந்த மொழிக்கானது என்று அங்கே ஒரு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாமாக எழுத முடியாது. பிரெஞ்சு இருந்தது, ஜப்பான் மொழி இருந்தது, தமிழ் இல்லை. வகை இல்லாமலே ஏற்றினேன். ஏலத்தில் எந்த வகையிலும் சேராத மீனை ஓரமாகக் கொட்டி வைப்பார்கள். அந்தக் குவியலில் போட்ட மாதிரி ஆயிற்று. யாரும் வரவில்லை.

புதிய வகை வேண்டுமென்றால், எல்லாரும் படிக்கும் மின்மடல் குழுவில் கேட்கலாம் என்று எழுதியிருந்தது. எனக்குத் துணிச்சல் வரவில்லை. ரேஷன் கார்டோ தண்ணீர் லாரியோ, எங்கள் பக்கத்தில் என்னைப் போன்றவர்கள் கூட்டத்தில் கேட்க மாட்டோம். கூட்டம் கலையும்வரை நின்று, பெரியவர் தனியாக வெளியே வரும்போது பக்கத்தில் போய் மெல்லச் சொல்வோம். அப்படித்தான் காரியம் நடக்கும். அதனால் அந்தக் குழுவில் அடிக்கடி பதில் எழுதும் ஒருவரைப் பார்த்து வைத்து, ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்ற தோரணையில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் தனியாக எழுதினேன். பதில் இல்லை. பெரியவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்று காத்திருந்தேன். பிறகு இன்னும் பணிவாக எழுதினேன். இதற்குள் அண்ணனுக்குக் கஞ்சி இறங்குவதே கஷ்டமாகிவிட்டது.

“இன்னாபா, உங்க ஐயா இன்னிக்காச்சும் வாயத் தொறந்தாரா?” என்று அண்ணி கேட்டார்.

“இல்ல அண்ணி.”

“காதாண்ட போயி முணுமுணுத்தா எவனுக்குக் கேக்கும்? நானு இப்டி வித்தா ஒரு மத்தி போவுமா?”

கடைசியில் பதில் வந்தது. இதை நான் ஒருவன் முடிவு செய்வதில்லை, எல்லாரும் பார்க்கும்படி குழுவில் கேளுங்கள் என்று இரண்டே வரி. காத்திருந்த நாள்களெல்லாம் வீண்.

குழுவில் கேட்டேன். வேறு எந்தெந்த புரோகிராம்கள் இந்த வகையில் வரும் என்று கேட்டார்கள். என்னுடையது ஒன்றுதான் என்றேன். ஒன்றுக்காக வகை திறப்பதில்லை, இன்னும் சில வரட்டும் என்று ஒருவர் எழுதினார். எனக்கு என்ன அவசரம் என்பதை நான் சொல்லியிருக்கவில்லை. அந்த நோயின் பெயரை வீட்டுக்குள்ளேயே நாங்கள் சொல்வதில்லை. தெருவில் கேட்பவர்களிடம் தொண்டைப்புண் என்றுதான் அண்ணி சொல்லி வைத்திருந்தார்.

குழுவில் அதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். பாதி காற்றாகத்தான் பேச்சு வந்தது.

“எய்துடா. ஊரே பாக்கட்டும். மறைச்சி வச்சிகினு இன்னாத்த கீய்ச்சோம்?”

எழுதினேன். மறுநாள் பட்டியலில் தமிழ் இருந்தது. அதன் கீழே ஒன்றே ஒன்று, என்னுடையது. அதே வாரம் படுக்கை தயார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

முழுச் சொற்களாகவாவது பதிந்துவிடலாம் என்று, மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணனை மைக் முன்னால் உட்காரவைத்தேன். தண்ணி, வலிக்குது, ஃபேனப் போடு, போடா சோமாரி. முடிந்தவரை சொன்னார். பின்னால் நின்றிருந்த அண்ணி, “எம்பேர ஒருதபா சொல்லேன். கட்னதுலேர்ந்து இந்தாம்மேன்னுதான கூப்புடுற” என்றார்.

அண்ணனுக்கு வெட்கம் வந்துவிட்டது. “தம்பிய வச்சிகினு இன்னாம்மே இது? அதான் தமிழ்னு போர்டு மாட்டியாச்சே. எவனாச்சும் வந்து சரி பண்ணுவான். அப்பால உம்பேரு தன்னால வரும்.” அதற்குமேல் இருமல் அவரை விடவில்லை.

அவர் சொன்னது நடந்தது. ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் துளையோடு அவர் வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது. பினாங்கிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். தமிழ் என்று புதிதாக ஒரு வகையைப் பார்த்துத் திறந்தாராம். ஒலிகளை ஒட்டவைக்க அவருக்குத் தெரிந்திருந்தது. என்னென்ன ஒலிகளைப் பதிய வேண்டும் என்று எழுதி, உங்கள் அண்ணனை நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

அதைப் படித்துவிட்டுக் குழுவிலேயே, எல்லாரும் பார்க்கும்படி, அண்ணனுக்குக் குரல் போய்விட்டது, இந்தச் சொற்கள்தான் மிச்சம் என்று எழுதி, பதிந்ததை அனுப்பினேன். அந்தச் சொற்களை வெட்டி, கிடைத்த ஒலிகளை ஒட்டி அந்த மனிதர் அனுப்பினார். சோறு என்று அடித்தால் அண்ணன் குரலில் வந்தது. படகு வந்தது. அண்ணியின் பேருக்கு வேண்டிய ஒலிகளில் பாதி அந்தச் சொற்களில் எங்குமே இல்லை.

மிச்சத்தை என் குரலில் போடட்டுமா என்று கேட்டேன்.

“வாணாம்பா,” என்றார் அண்ணி. “அதுல வேற ஆளு கொரலு வாணாம்.” பிறகு அண்ணனின் முதுகில் ஓர் அடி வைத்தார். “அன்னிக்கே சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?”

அண்ணன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒற்றை விரலால் அந்தப் பேரை அடித்தார். மறுபடி அடித்தார். கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றது.